இரு பள்ளித் தோழர்களும் ஒரு படக் கம்பெனியும்

நட்பு வேறு, வியாபாரம் வேறு என்று கூறுவது நம்மவர்க்கு வழக்கம். கூட்டு வாணிபத்தில் இறங்கிய நண்பர்கள் சில ஆண்டுகளுக்குள் கணக்குப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் ஏசிப் பிரிவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். படத்தொழிலிலோ இவ்விபத்து இன்னும் அதிகம். அங்கே பணம் என்ற பங்கோடு புகழ் என்ற மற்றொரு பங்கும் உண்டு. பணத்தைக் காசு குறையாமல் பங்கிட்டுவிடலாம். புகழைப் பங்கிடுதல் அரிதினும் அரிது. ஆகவே, பள்ளிப் பருவத்தில் கூடிய இருவர் ஒரு சிறு படக் கம்பெனியைத் தொடங்கி, 46 ஆண்டுகள் பிரியாது நடத்தி, முடிவில் அதன் பெரும்பங்கைத் தம்மிடம் உழைத்தவர்களுக்கே உடைமையாக்கினர் என்று கேட்கும்போது, அதனை ஒரு நாட் செய்தியாகப் படித்துவிட்டு ஏட்டை மடித்துவைக்க நமக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்து தேசத்துப் பிரிஸ்டல் நகரத்தில் இருக்கும் ஆர்ட்மன் கம்பெனியைப் பற்றியே நாம் பேசப்போகிறோம். களிமண் பொம்மைகளைக் கொண்டு படம் எடுக்கும் கம்பெனி அது. ‘குழந்தைகளின் பொம்மைப் படத்தைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவானேன்?’ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவர்களை முடிவுவரை பொறுத்திருக்கும்படி வேண்டுகிறோம். ஒரு கம்பெனியின் கொள்கை அதன் விளம்பரத்தில் இராது. அது செய்த பொருளில்தான் இருக்கும். அவர்கள் எடுத்த படங்களை வரிசையாக வைத்து நோக்கி, தொழிலாளரிடம் கம்பெனியை ஒப்புவிக்கும் முடிவுக்கு வித்து அப்படங்களில் இருக்கிறதா, இருப்பின் அது எங்கெங்கே தழைத்தது, எங்கெங்கே வாடியது என்று ஆராய்வதே நமது நோக்கம்.

சமையலறை மேசை

லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் என்றோர் ஊர். அவ்வூர்ப் பள்ளியில் 1960-களில் பயின்ற மாணவர்கள் பீட்டர் லார்டும் டேவிட் ஸ்பிராக்ஸ்டனும். ஸ்பிராக்ஸ்டனின் தந்தையார் பி.பி.சி.யில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். ஆதலின் வீட்டில் ஒரு 16 மில்லிமீட்டர் காமிரா இருந்தது. சிறுவர் இருவரும் சமையலறை மேசையையே ஸ்டூடியோவாகக் கொண்டு, வெட்டிய காகிதங்களையும் சுண்ணக்கட்டியால் வரைந்த உருவங்களையும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றிப் படம் பிடித்துப் பழகினர். பி.பி.சி. அக்காலத்தில் செவிப்புலன் குறைந்த குழந்தைகளுக்காக ‘விஷன் ஆன்’ என்ற நிகழ்ச்சியை நடத்தி வந்தது. இவர்களது துண்டுப் படமொன்றை அந்நிகழ்ச்சிக்கென விலைக்கு வாங்கினார்கள். பெருவீரன் வேடம் புனைந்த ஓர் அசடன் அதன் நாயகன், பெயர் ஆர்ட்மன். காசோலை வந்தது, அதை மாற்ற பாங்கில் கணக்குத் திறக்கவேண்டும், கணக்குக்கு ஒரு பெயர் வேண்டும். அசடனின் பெயரையே எழுதிக் கொடுத்தனர். 1972-ம் ஆண்டில் ஒரு கம்பெனி பிறந்த வரலாறு இவ்வளவுதான்.

இதனை வாசகர்கள் சற்று ஊன்றி நோக்கவேண்டும். கம்பெனிக்கு வைத்த பெயர் தெய்வத்தின் பெயரன்று, குலத்தின் பெயரன்று, முதலாளியின் பெயருமன்று. தம்மைத் தாமே நகைத்துக்கொள்ளும் ஒரு பெயர். நல்ல நாள் பார்க்கவில்லை. பெரியோர் ஆசி கேட்கவில்லை. வேலை முதலில் வந்தது, கம்பெனி பின்னால் வந்தது. கம்பெனியை முதலில் அமைத்து, பெயர்ப்பலகையை மாட்டி, அழைப்பிதழ் அச்சடித்த பின்னர் என்ன வேலை செய்வதென்று யோசிப்போர் உலகில் பலர்.

பின்னர் இருவரும் வெவ்வேறு பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர். லார்ட் யார்க்கில் ஆங்கில இலக்கியம் படித்தார். ஸ்பிராக்ஸ்டன் டர்ஹாமில் புவியியல் படித்தார். பள்ளி நட்புக்கள் பெரும்பாலும் முறியும் இடம் இதுவே. இவர்கள் நட்போ முறியவில்லை. 1976-ல் இருவரும் பிரிஸ்டல் நகரத்துக்குக் குடிபெயர்ந்து இத்தொழிலையே பிழைப்பாகக் கொண்டனர். மறுவருஷம் குழந்தைகளுக்கான ஓவிய நிகழ்ச்சியில் மார்ஃப் என்ற களிமண் குட்டி மனிதனை நடமாட விட்டனர். உருவங்களைப் பிசைந்து நடிக்கவைப்பது பெரிதும் லார்டின் வேலை; ஒளியும் காமிராவும் ஸ்பிராக்ஸ்டனின் வேலை. ஒருவர் கை செய்வதை மற்றவர் கண் பார்க்கவேண்டும். ஒருவர் மற்றவரை நம்பாவிடில் ஒரு வினாடிப் படமும் தேறாது.

இத்தொழிலின் இயல்பையும் இங்கே சொல்லிவிடுவது நலம். ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. களிமண் பொம்மையை மயிரிழை அளவு நகர்த்தி ஒரு படம். மீண்டும் நகர்த்தி மற்றொரு படம். இவ்வாறு நாள் முழுதும் குனிந்து உழைத்தால் மாலையில் கிடைப்பது சில வினாடிப் படமே. பொறுமையற்றவனுக்கு இது தண்டனை. பொறாமையுள்ளவனுக்கு இதைக் கூட்டாகச் செய்யவே இயலாது. வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்து, அவற்றுள் ஒன்றுக்குப் ‘பழைமை’ என்று பெயரிட்டார். நெடுநாட் பழகிய உரிமையே அதன் பொருள். நெடுநாட் பழக்கம் ஒரு தொழிலுக்கு எவ்வளவு பெரிய மூலதனம் என்பதற்கு அம்மேசையே சாட்சி.

கேட்கும் கலை

1970-களின் கடைசியில் இவர்கள் பி.பி.சி.க்காகச் செய்த ‘டவுன் அண்ட் அவுட்’ என்ற சிறு படமே இவர்களுடைய மெய்யான தொடக்கம் என்பது நமது கருத்து. இரட்சணிய சேனை நடத்தும் ஏழையர் விடுதியொன்றில் நடந்த உண்மையான உரையாடலை ஒலிப்பதிவு செய்து, அக்குரல்களுக்கு ஏற்பக் களிமண் உருவங்களைச் செய்து நடிக்கவைத்தனர். தடுமாறும் ஒரு முதியவர். விதியை எடுத்துச் சொல்லும் ஓர் ஊழியர். கதை அவ்வளவே. எழுதிவைத்த வசனம் ஒன்றுமில்லை. முதியவர் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் திணறுவதும், பாதியில் நிறுத்துவதும், மீண்டும் தொடங்குவதும் அப்படியே இருக்கின்றன.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். அதுவரை பொம்மைப் படம் என்றால் எலியும் பூனையும் துரத்திக்கொள்வது. அல்லது அரசகுமாரியை மந்திரவாதி கவர்ந்து செல்வது. ஏழையின் தடுமாற்றத்தைப் பார்க்க ஒருவரும் பொம்மைப் படத்துக்குச் செல்லவில்லை. மெய்யான மனிதரைக் காமிரா முன் நிறுத்தியிருந்தால், பார்ப்பவர் அவருடைய கந்தல் உடையையும் அழுக்கையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பர். களிமண் உருவமாதலின் முகம் திருப்பவில்லை; வியந்து பார்க்கின்றனர். பார்த்துக்கொண்டே இருக்கையில் குரல் உள்ளே புகுந்துவிடுகிறது. அதன்பின் அதனைத் துரத்த வழியில்லை. பேசியவரின் முகமும் பெயரும் மறைந்திருப்பதால் அவருடைய மானமும் காக்கப்படுகிறது. ஏழையைக் காட்டி இரக்கத்தை விற்கும் கலைஞர்கள் இந்தப் பண்பை ஆய்ந்து பார்க்கவேண்டும்.

1983-ல் பிரிட்டனின் நான்காம் சானல் இவர்களிடம் இதேவகைப் படங்கள் ஐந்தைக் கேட்டு வாங்கி ஒளிபரப்பியது. அவற்றுள் ‘ஆன் புரொபேஷன்’ என்பது, குற்றம் செய்து கண்காணிப்பில் வைக்கப்பட்ட இளைஞர் விடுதியில் நிகழ்வது. தன் சகோதரனைப் பார்த்துவர அனுமதி வேண்டும் ஓர் இளைஞன். சுற்றி அமர்ந்து பேசும் மற்றவர்கள். அவ்விளைஞன் கையைப் பிசையும்போது களிமண் கை பிசைகிறது. சொல்லால் சொல்ல முடியாததைக் கை சொல்லிவிடுகிறது. இதே தசாப்தத்தின் முடிவில் லார்ட் செய்த ‘கோயிங் எக்விப்ட்’ என்ற படம் இன்னும் கடுமையானது. திருட்டுக் கருவிகளுடன் வெளியில் திரியும் குற்றத்துக்கு ஆங்கிலச் சட்டம் வழங்கும் பெயரையே அது தன் பெயராகக் கொண்டது. சிறை சென்று மீண்ட இளைஞனொருவன் தன் இளமையையும் சிறையையும் பற்றிப் பேசுகிறான், நாம் கேட்கிறோம். அறிவுரை கூற எவரும் இடையில் வரவில்லை. ‘திருந்தினான்’ என்றோ ‘கெட்டான்’ என்றோ முடிவுரை இல்லை. சீர்திருத்தம் பேசும் நமக்கு அப்படம் ஒரு பாடத்தையும் கற்பிக்கிறது. திருத்தப் புகுமுன் கேட்கவேண்டும். கேட்காமல் திருத்தப் புகுந்தவன் தன் குரலையே மீண்டும் கேட்டுக்கொள்கிறான்.

‘கேள்வி’ என்பதைக் கல்விக்கு அடுத்தபடி வைத்தவர்கள் தமிழ்ப் பெரியோர். இருவர் பல்லாண்டு நண்பராயிருப்பதன் இரகசியமும் கேள்வியேயன்றி வேறில்லை. ஒருவர் சொல்வதை ஒருவர் முழுதும் கேட்கப் பழகிய இருவர், பிறர் சொல்வதையும் முழுதும் கேட்கத் துணிந்தனர். இவர்கள் நட்பும் இவர்கள் கலையும் வேறு வேறல்ல என்று நாம் கூறுவது இதுபற்றியே.

மூன்றாமவர் வந்தார்

நட்புக்கு உண்மையான சோதனை வறுமையன்று. தம்மினும் வல்லவன் ஒருவன் வந்து சேர்தலே. 1985-ல் நிக் பார்க் என்ற இளைஞர் கம்பெனிக்கு வந்தார். தேசியத் திரைப்படப் பள்ளியில் மாணவராயிருந்தபோதே, சந்திரனுக்கு ராக்கெட் ஏறிப் போகும் ஒருவரையும் அவருடைய நாயையும் பற்றி ஒரு படத்தைத் தொடங்கி, முடிக்கமுடியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்துக் கொண்டிருந்தார். நண்பர்கள் இருவரும் அவரைத் தம் கம்பெனியில் சேர்த்துக்கொண்டு, அவருடைய சொந்தப் படத்தை முடிக்கவும் இடமளித்தனர். ‘எ கிராண்ட் டே அவுட்’ என்ற அப்படம் 1989-ல் முடிந்தது. அதே ஆண்டில் கம்பெனிக்காகப் பார்க் செய்த படம் ‘கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்’. 1991-ல் அமெரிக்க ஆஸ்கார் பரிசுக்கு ஒரே பிரிவில் இரண்டு படங்களும் போட்டியிட்டன. ‘கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்’ வென்றது. 1993-ல் வந்த ‘தி ராங் ட்ரவுசர்ஸ்’ படத்துக்கு மீண்டும் அப்பரிசு கிடைத்தது. உலகம் ஆர்ட்மன் என்றால் நிக் பார்க் என்று சொல்லத் தொடங்கியது.

இந்நிலையில் வேறெந்தக் கம்பெனியாயினும் என்ன நிகழ்ந்திருக்கும்? தொடங்கியவர்கள் தம் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருப்பர். வந்தவர் கோபித்துக்கொண்டு தனிக் கம்பெனி வைத்திருப்பார். இங்கே அவ்வாறு நிகழவில்லை. பார்க்கை முன்னால் நிறுத்திவிட்டு நண்பர்கள் பக்கத்தில் நின்றனர். ஸ்தாபகர் என்ற பட்டத்தினும் இப்பெருந்தன்மையே அவர்களுக்கு அணிகலன்.

‘கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்’ என்பதை ஐந்து நிமிடப் படம் என்று அலட்சியம் செய்தல் தகாது. மிருகக்காட்சிச் சாலையில் அடைபட்ட விலங்குகள் தம் வாழ்க்கை எப்படியிருக்கிறதென்று பேட்டியளிக்கின்றன. குரல்கள் மட்டும் மெய்யான மனிதருடையவை. முதியோர் இல்லத்தில் வாழ்வோரும் அவர்களுள் உண்டு. பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து தங்கிய மாணவர் ஒருவர், இடமில்லை, வெயிலில்லை, உணவு சரியில்லை என்று குறைகூறிய பேச்சை, கூண்டிலடைபட்ட ஒரு தென்னமெரிக்கச் சிறுத்தையின் வாயில் வைத்தனர். நாம் முதலில் சிரிக்கிறோம். பிறகு, முதியோர் இல்லமும், அயல்நாட்டு மாணவரின் குறுகிய அறையும், விலங்கின் கூண்டும் ஒன்றாகவே இருப்பதை உணர்கிறோம். பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டில் வாடகை அறையில் வாழ்ந்தவர்களுக்கு அச்சிறுத்தையின் சொல் அந்நியமாகத் தோன்றாது. உணவுண்டு, காவலுண்டு, நோய்க்கு மருந்துண்டு, ஆகவே இங்கே வசதிதான் என்று சில விலங்குகள் திருப்தியோடு பேசுவது அதனினும் கொடிது. அடைபட்டவன் அடைப்பைப் புகழக் கற்றுக்கொள்ளும் விந்தையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேறு படம் நம் நினைவுக்கு வரவில்லை.

எனினும் ஒன்றை மறைத்துப் புகழ்வது விமர்சனமாகாது. இப்படம் பெற்ற வெற்றியைக் கண்டு, இதே பேசும் விலங்குகளை மின்சார அடுப்பும் கணப்பும் விற்கும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினர். 1990-களில் பிரிட்டிஷ் மக்கள் வீட்டில் தினமும் கண்டது படத்தையன்று, விளம்பரத்தையே. ஏழையின் குரலைக் கேட்பதற்கென்று பிறந்த முறை, கணப்பு விற்பதற்கு உதவியது. கம்பெனி பிழைக்கவேண்டுமே, கூலி கொடுக்கவேண்டுமே என்று சமாதானம் கூறலாம். அதில் உண்மையும் உண்டு. விளம்பரப் பணம் இல்லாவிடில் பார்க் போன்றவர் தம் படத்தை முடிக்கக் காத்திருக்க இடம் இருந்திராது. ஆனால் ‘டவுன் அண்ட் அவுட்’ படத்து முதியவருக்குப் பின் அத்தகைய குரல்கள் இவர்கள் படங்களில் வரவரக் குறைந்தன என்பதும் உண்மை. சிறு கம்பெனி தன் உயிரைக் காக்கத் தன் குரலில் ஒரு பாதியைக் கொடுத்தது. இதனை நாம் குற்றமென்று கூறவில்லை, விலையென்று கூறுகிறோம்.

கோழிகளின் விடுதலை

2000-ம் ஆண்டில் லார்டும் பார்க்கும் சேர்ந்து இயக்கிய ‘சிக்கன் ரன்’ வெளிவந்தது. அமெரிக்காவின் டிரீம்வொர்க்ஸ் கம்பெனி பண உதவி செய்தது. இருபத்திரண்டு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வசூலைவிட அதன் கதையே நமக்கு முக்கியம்.

1950-களில் யார்க்ஷயர் பகுதியில் ஒரு கோழிப் பண்ணை. சுற்றிலும் முள்வேலி. நாள்தோறும் முட்டைக் கணக்கு எடுக்கிறார்கள். முட்டையிடத் தவறிய எட்வினா என்ற கோழியை இழுத்துச் சென்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டுண்டவள் உல்லாசப் பயணம் போயிருக்கிறாளா என்று பின்னல் பின்னிக்கொண்டே கேட்கிறது மற்றொரு கோழி. அறியாமைக்கு இதனினும் இரங்கத்தக்க உருவம் வேறு ஏது? ஜிஞ்சர் என்ற கோழி மட்டும் திரும்பத் திரும்பத் தப்ப முயல்கிறது; தனியாகத் தப்பக்கூடிய வழியிருந்தும், எல்லோரையும் கொண்டு செல்லவேண்டும் என்றே பிடிபடுகிறது. வேலி பண்ணையைச் சுற்றி மட்டும் இல்லை, நம் மூளையிலும் போட்டிருக்கிறது என்ற கருத்தை அது தன் கூட்டத்தாருக்கு எடுத்துச் சொல்கிறது. இதனைப் பொம்மைப் படம் என்று ஒதுக்குவோர் ஒதுக்குக.

இப்படத்தின் நடுப்பகுதியே பகுத்தறிவாளர் அனைவரும் பார்க்கவேண்டியது. வானத்திலிருந்து ஒரு சேவல் வேலிக்குள் வந்து விழுகிறது. பறக்கத் தெரிந்த சேவல் என்று கோழிகள் அதனைத் தம் இரட்சகனாகக் கொண்டாடுகின்றன. நமக்கும் பறக்கக் கற்றுக்கொடு என்று அதன் பின்னால் சுற்றுகின்றன. உழைப்பும் யோசனையும் நின்றுவிடுகின்றன. அவதாரத்தின் மேல் பாரத்தைப் போட்டாயிற்று. கடைசியில் சேவல் ஓர் இரவில் ஓடிவிடுகிறது. அது விட்டுச் சென்ற சர்க்கஸ் சுவரொட்டியின் கிழிந்த மறுபாதியைப் பார்த்தபோதுதான் உண்மை விளங்குகிறது. சேவல் பறந்ததில்லை, பீரங்கியிலிருந்து எறியப்பட்டது. வானிலிருந்து வந்தவர்கள் யாவரும் யாரோ எறிந்ததால் வந்தவர்களே என்று நாம் உரக்கச் சொன்னால் சிலர் மனம் நோகும். அப்படம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டது.

பிறகு என்ன நிகழ்கிறது? கோழிகள் தாமே பலகையும் ஆணியும் சேர்த்து ஓர் ஆகாயவிமானம் கட்டுகின்றன. ஒருத்தி கணக்குப் போடுகிறாள், மற்றவர்கள் தைக்கின்றனர், எல்லோரும் சேர்ந்து மிதிக்கின்றனர். ஓடிய சேவலும் தன் பிழையுணர்ந்து திரும்பி வருகிறது. ஆனால் இம்முறை இரட்சகனாகவன்று, உழைப்போருள் ஒருவனாக. விமானம் எழும்புகிறது. விடுதலை கருணையால் வராது, கணக்காலும் கூட்டு முயற்சியாலும் வரும் என்ற உண்மையை இதனினும் தெளிவாகக் குழந்தைகட்குச் சொல்ல இயலாது.

குறையும் கூறுவோம். தப்பியவை ஒரு பண்ணையின் கோழிகள் மட்டுமே. முள்வேலி எனும் முறை அப்படியே நிற்கிறது. பண்ணைக்காரி தண்டிக்கப்பட்டாள், பண்ணை என்பது ஏன் இருக்கிறது என்ற வினா எழவில்லை. 2023-ல் நெட்ஃப்ளிக்ஸ் கம்பெனிக்காக வந்த இரண்டாம் படம் இவ்வினாவைத் தொட முயன்றது. அஞ்சிய கோழியின் இறைச்சி சுவையாயிராது என்று கருதிய ஆலைக்காரர்கள், கோழிகளின் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டி மகிழ்ச்சியுறச் செய்து, களியாட்டப் பூங்காவில் உலவவிட்டு, பிறகு வெட்டுகிறார்கள். கருத்து மிக உயர்ந்தது. முள்வேலியினும் களியாட்டமே உறுதியான வேலி. ஆனால் படம் அக்கருத்தை நின்று நோக்கவில்லை. ஓட்டத்திலும் துரத்தலிலும் கரைத்துவிட்டது. முதற் படத்தில் ஒரு கோழியின் சாவு நம்மைத் திடுக்கிடச் செய்தது. இரண்டாம் படத்தில் ஆபத்துகள் பல, அச்சம் சிறிது.

பெரும்பணமும் கைரேகையும்

களிமண் உருவங்களின் மேல் செய்தவரின் கைரேகை பதிந்துவிடும். கூர்ந்து பார்ப்போர் ஆர்ட்மன் படங்களில் அதனைக் காணலாம். இவர்கள் அதனை முற்றும் துடைப்பதில்லை. ஆலையில் வார்த்த பொருளில் உழைத்தவன் அடையாளம் இராது. இங்கே அடையாளமே அழகாயிற்று.

2006-ல் டிரீம்வொர்க்ஸோடு சேர்ந்து எடுத்த ‘ஃபிளஷ்ட் அவே’ முழுதும் கணினியில் ஆனது. உருவங்கள் களிமண் போலவே தோன்றுமாறு செய்தனர். ஆனால் களிமண் இல்லை, கை இல்லை. பெரும்பொருள் செலவிட்டும் எதிர்பார்த்த வசூல் வரவில்லை. 2007 ஜனவரியில் இரு கம்பெனிகளின் உறவும் முடிந்தது. பெரிய கம்பெனியிடமிருந்து விலகி மீண்டும் பிரிஸ்டலில் தம் மேசைக்கே திரும்பினர். அவ்வாண்டிலேயே வசனமே இல்லாத ‘ஷான்’ என்ற ஆட்டுக்குட்டியின் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தனர். மொழி வேண்டாததால் எல்லா நாட்டுக் குழந்தைகளும் அதனைத் தம்முடையதாகக் கொண்டனர்.

இடையில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். 2005 அக்டோபர் 10-ம் தேதி பிரிஸ்டலில் கம்பெனியின் சேமிப்புக் கிடங்கு தீப்பற்றி, அத்தனை ஆண்டுக் களிமண் உருவங்களிலும் அரங்கப் பொருள்களிலும் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அவர்களுடைய பெரிய படமொன்று அமெரிக்காவில் வசூலில் முதலிடம் பெற்றிருந்த வாரம் அது. இரு நாட்களுக்கு முன்னர்தான் காச்மீரத்தில் பூகம்பம் நேர்ந்து பல்லாயிரவர் மாண்டிருந்தனர். உலகில் நேர்ந்த மற்றத் துயரங்களுக்கு முன் இது பெரிதன்று என்னும் பொருள்பட நிக் பார்க் அன்று கூறினார். தன் கையால் செய்ததன் அருமை அறிந்தவன் சொல்லும்போதுதான் அச்சொல்லுக்குப் பெருமை.

உடைமை யாருடையது?

2018 நவம்பரில் லார்டும் ஸ்பிராக்ஸ்டனும் கம்பெனியின் பங்குகளில் 75 சதவிகிதத்தை ஊழியர் நலத்துக்கான பொறுப்பாட்சியொன்றுக்கு மாற்றிக் கொடுத்தனர். பெரிய கம்பெனி எதற்கேனும் விற்றிருந்தால் கிடைக்கும் பணம் சிறிதாயிராது. ‘சிக்கன் ரன்’ போன்ற படங்களின் உரிமையைக் கொண்ட கம்பெனி அது. விற்றால் வாங்கியவன் களிமண்ணை மூட்டைகட்டி வைத்துவிட்டு உருவங்களின் பெயரை மட்டும் பொம்மைக் கடைக்கு விற்பான் என்பதை அவர்கள் அறிவர். கம்பெனி சுதந்திரமாக நிற்கவேண்டும். நிற்கவேண்டுமானால் அதில் கைரேகை பதித்தவர்களே அதனை வைத்திருக்கவேண்டும். அவர்கள் கண்ட நியாயம் இதுவே.

இதனை ஏதோ தர்மம் செய்ததாகச் சிலர் புகழ்வர். நாம் அவ்வாறு புகழமாட்டோம். தர்மம் என்பது தனக்குரியதைப் பிறர்க்கு ஈதல். இது பிறருடைய உழைப்பால் விளைந்ததை அவர்களிடம் ஒப்புவித்தல். நீதிக்கு நன்றி கூறப் பழகிவிட்டால் அநீதியே இயல்பென்று ஒப்புக்கொண்டதாகும். 46 ஆண்டு ஏன் காத்திருந்தனர், மீதிக் கால்பங்கு ஏன் நின்றது என்றும் ஒருவர் கேட்கலாம், கேட்பது நியாயமே. ஆயினும், விடுதலையைப் பற்றிப் படம் எடுத்துப் பொருளீட்டியவர் பலர். தம் சொந்தப் பண்ணையின் வேலியைக் கழற்றியவர் மிகச் சிலர். அச்சிலருள் இவ்விருவரும் உளர்.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். இம்முடிவுக்கு வித்து கோழிப் படத்தில் இல்லை. அதற்கும் முன்னர், ஏழையர் விடுதியில் தடுமாறிப் பேசிய முதியவரின் குரலை வெட்டாமல், திருத்தாமல், முழுதும் கேட்ட அன்றே அது விதைக்கப்பட்டது. பிறர் குரலை அவருக்கே உரியதென்று மதித்தவனுக்குத்தான் பிறர் உழைப்பும் அவருக்கே உரியதென்று ஒருநாள் தோன்றும். நடுவில் விளம்பரமும் பெரும்பணமும் வந்து அவ்வித்தை மூடின, ஆனால் அழிக்கவில்லை. அதனைக் காத்தது நட்பு. தனி மனிதனாயிருந்தால் ஏதேனும் ஒரு நாளில் பணத்தின் பக்கம் சாய்ந்திருப்பான். பக்கத்தில் பள்ளிக்கூடத்துத் தோழன் நிற்கையில், சமையலறை மேசையை இருவரும் ஒருங்கே மறப்பது எளிதன்று.

படம் எடுக்கவேண்டும் என்ற அவாவோடு நம் இளைஞர் பலர் இரவுகளில் கூடிப் பேசுவதை நாம் அறிவோம். கம்பெனிக்கு என்ன பெயர் வைப்பது, நாயகன் யார், முதல் போடுபவர் யார் என்று பேச்சு விடியும்வரை நீளுகிறது. அன்பர்களே! பெயர் பின்னால் தானே வரும். முதலில் ஒரு மேசையும், பொறாமையில்லாத ஒரு தோழனும், அக்கம்பக்கத்தில் ஒருவரும் இதுவரை கேட்டிராத ஒரு குரலும் உங்களிடம் உளவா என்று பாருங்கள். இம்மூன்றும் உளவெனில் நாளையே தொடங்கலாம். இவை இல்லையெனில், எவ்வளவு பணமிருந்தும் தொடங்கவேண்டாம்.